உங்கள் பேரை வேறு யாராவது எடுத்துவிட்டார்களோ?

கோதையின் அப்பாவுக்கு, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் போனபின் ஊதுபத்தித் தொழிலை நானும் தம்பியும் கூட்டாக நடத்துகிறோம். அதைப் பதிவு செய்ய ஒரு பேர் வேண்டுமாம். ஸ்ரீரங்கத்துக் கடைகளில் உங்கள் பேரைச் சொல்லித்தானே பத்தி கேட்கிறார்கள்? அதையே வைப்போம் என்றேன்.

"வேற யாராச்சும் அந்தப் பேர்ல பதிஞ்சிருந்தா கோர்ட்டுக்கு இழுப்பாங்கக்கா. முதல்ல விசாரிக்கணும்," என்றான் தம்பி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பேர் கைவிட்டுப் போனால் நம் பத்தியை யார் வாங்குவார்கள்? கோதையை எப்படிக் கரையேற்றுவேன்?

தம்பி காய்ச்சலில் படுத்துவிட்டான். நானே பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். குமாஸ்தா நிமிராமலே, "என்ன பேரும்மா?" என்றார்.

நான் எப்படிச் சொல்வேன்? "என் வீட்டுக்காரர் பேருங்க. நம்ம பெருமாள் பேரு," என்றேன்.

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "அந்தப் பேரு போயிடுச்சும்மா. வேற ஒருத்தர் எடுத்துட்டாரு."

மேஜையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பேரைப் பாத்தீங்க?" என்றேன்.

"ரங்கநாதன்."

"ஐயோ, அது மூலவருங்க! இது உற்சவர் பேரு. எழுதித் தரட்டுங்களா?"

"வாயால சொல்லுங்கம்மா, பின்னால ஆள் நிக்குது."

பேரைச் சொன்னால் புருஷன் ஆயுள் குறையும் என்று பயமுறுத்தித்தானே என்னை வளர்த்தார்கள்? ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா? அப்படியும் போய்விட்டீர்களே! இனி எதைக் காக்க இந்த நாக்கு இப்படி நடுங்குகிறது?

"மணவாளன்," என்றேன்.

"புருஷன்னுதான் தெரியுதே. அவர் பேரைச் சொல்லுங்க!"

"பேரே அதுதாங்க. மணவாளன்."

பாவி மனுஷர், இரண்டு தரம் சொல்ல வைத்துவிட்டார். மறுபடி தேடினார். அவர் விரல் கீழே இறங்க இறங்க என் கண்ணும் கூடவே இறங்கியது.

"யாரும் எடுக்கலம்மா. நீங்களே வச்சுக்கலாம்."

சந்தோஷப்படத் தோன்றவில்லை. நீங்கள் கோபமாக நிற்பீர்களோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இல்லை. கோபித்துக்கொள்ளவாவது நின்றிருக்கக் கூடாதா?

பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் இனி யார் கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், உங்கள் பேரை நான் வாய்விட்டே சொல்வேன்.

உங்கள் மனைவி,
செண்பகம்