முகத்துவாரத்து டார்ச்சுக்கு ஒரு டிரைவர்

எதை எப்படிச் செய்தாய் என்று ஒரு வரிகூட எழுதி வைக்காமல் செத்துப்போனாய், அண்ணா. அதோடு விட்டாயா, டார்ச்சுக்குள் இருக்கும் டிரைவர் பலகையின் மேல் பசையை ஊற்றிக் கல்லாக்கியும் வைத்தாய். உன் டார்ச் இப்போது செய்தித்தாளின் மேல் பிளந்து கிடக்கிறது. போன வாரம் சூடுகாட்டி உளியால் தட்டியதில் பசையோடு டிரைவரும் இரண்டாக உடைந்துவிட்டது. பசை கருகிய நாற்றம் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை.

முகத்துவாரத்தில் நட்ட சோலார் விளக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. மனு கொடுத்தோம். வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. விடியுமுன் கடலிலிருந்து திரும்பும் படகுக்கு ஆழமான வழியைக் காட்ட ஆள் வேண்டும். அலுமினியக் குழாய்த் துண்டில் இந்த டார்ச்சைச் செய்துகொண்டு நீயே போய் நின்றாய். விடாமல் அடித்தால் நேரே வா. விட்டு விட்டு அடித்தால் அலை சரியில்லை, வெளியே போ. குப்பத்தில் குழந்தைக்கும் இது தெரியும். நெடுஞ்சாலையில் லாரி உன்னை அடித்த பிறகு அங்கே நான் நிற்கிறேன்.

போன வாரம் டார்ச் அணைந்தது. பேட்டரி நன்றாக இருந்தது, எல்.இ.டி.யும் நன்றாக இருந்தது. நடுவில் மின்சாரத்தை அளந்து விடும் டிரைவர்தான் போய்விட்டது. சட்டைப் பொத்தான் அளவு. தெற்கே துறைமுக விளக்குகளில் வானமே மஞ்சளாகக் கிடக்கிறது. நான் ஒரு பொத்தானுக்காகப் பொன்னேரியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன்.

"ஒரே மோடா? அதெல்லாம் இன்னாத்துக்கும்மா?" என்றார் கடைக்காரர். "இதுல அஞ்சு மோடு. பேட்டரி எறங்கினா அதுவே மின்னிக் காட்டும். எடுத்துனு போ."

எடுத்துக்கொண்டு வந்து மாட்டினேன். மறுநாளே பேட்டரி இறங்கி, மின்னியும் காட்டியது. நம் நைனாவின் படகு அப்போதுதான் முகத்துவாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. டார்ச் மின்னியதைப் பார்த்து அவர் சட்டென்று திருப்பினார். அலைக்குக் குறுக்கே படகு சாய்ந்ததை நான் பார்த்தேன். எப்படியோ நிமிர்ந்தது. வெயில் ஏறிய பிறகுதான் கரைக்கு வந்தார்கள்.

"இன்னாடி, அவன் போனது பத்தலையா? என்னியும் அனுப்பிட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாத்தியா?" என்றார் நைனா.

பின்னால் வலையைச் சுமந்து வந்த சித்தப்பா, "உடுண்ணா. கெவுருமெண்டு வெளக்கு மரியாதையா மின்னாம அணைஞ்சிது, அதையாவது மெச்சிக்கோ" என்றார். 

நீ இதைச் செய்த அன்று, "கடைல அஞ்சு மோடு வருது, நீ ஒண்ண வச்சினு கஷ்டப்படற" என்று கிண்டல் செய்தேன். "எரியணும், இல்லாட்டி அணையணும். நடுவுல இன்னா வேல அதுக்கு?" என்றாய், தலையைக்கூடத் தூக்காமல். காரணத்தை நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உனக்கு வாய் வலித்ததா?

மறுபடி சென்னைக்குப் போய் ஒரே மோடில் இரண்டு டிரைவர் வாங்கி வந்திருக்கிறேன். ஒன்று கடைசிவரை முழு வெளிச்சம் தரும், பிறகு சொல்லாமல் அணையும். படகு அலைக்குள் வந்த பிறகு அணைந்தால்? மற்றது மெல்ல மெல்ல மங்கும். பக்கத்தில் நிற்கும் எனக்கு அது தெரியாது. தூரத்திலிருக்கும் நைனாவுக்கு விளக்கே தெரியாது. "முழுசா சார்ஜ் போட்டுனு போனா முடிஞ்சுது" என்கிறார் சித்தப்பா. கரண்ட் இருந்தால்தானே? உன் டார்ச் மூன்று வருஷமும் இப்படி யாரையும் நடுவில் விட்டதில்லை. அது எப்படி என்று உடைந்த பலகையில் ஒன்றும் தெரியவில்லை.

நைனா வலையை ஏற்றிக்கொண்டிருக்கிறார். நாளை விடியுமுன் நான் முகத்துவாரத்தில் நிற்பேன் என்று அவருக்குத் தெரியும். சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டது. இரண்டு டிரைவரும் என் உள்ளங்கையில் இருக்கின்றன.

எதைப் போட? சொல்லு, அண்ணா.