பாடுகிற பெண்ணின் பச்சை முகம்

மார்ச் 4
முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், சினிமாவுக்கு அரங்கம் போடுகிறவர், அவருடைய வண்டி ஓட்டுநர். மனிதர் இவ்வளவுதான். மீதி இடமெல்லாம் பழைய கலர் டிவி, நான்கு. ஒவ்வொன்றும் பீரோ கனம். ரிப்பேர் கடையை மூடிய பிறகு இவர் வாங்கிச் சேர்த்தவை.

பெரியது ஒழுங்காக ஓடினால் நான்கையும் வாங்கிக்கொள்வாராம் அரங்கக்காரர். இவர் பழைய வீடியோ கேசட்டைப் போட்டார். பாடுகிற பெண்ணின் முகம் பாசி பிடித்த பச்சை.

"என்ன சார், அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் ஓட்டுநர்.

"கேசட் பழசு" என்றார் இவர். மாதக் கடைசியில் மறுபடி வருகிறார்களாம்.

மகள் கைக்குழந்தையோடு ஏப்ரலில் வருகிறாள். அவளுக்கு இந்த அறையை விட்டால் வேறு இல்லை.

மார்ச் 7
இவர் வாங்கிவந்த தக்காளி ஒரு கிலோ. பாதி காய். கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்கிறது.

மார்ச் 11
பெரிய டிவியில் நிறச்சாயலை மாற்ற 'டின்ட்' என்று ஒரு திருகு. இந்தப் பக்கம் திருப்பினால் முகம் ஊதா, அந்தப் பக்கம் பச்சை. நடுவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்தால் மறுபடி பச்சை. "உன் கண்ணுலதான் கோளாறு" என்கிறார். கண்ணாடி போன மாதம்தானே மாற்றினேன்? பிரார்த்தனையில்கூட மனம் நிற்கவில்லை.

மார்ச் 15
அவருடைய டிவி ரிப்பேர் புத்தகத்தைப் படம் பார்த்துப் பார்த்து நானே படித்துப் புரிந்துகொண்டேன். முதல் காலத்துக் கலர் டிவியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் திரையில் எலக்ட்ரான் பாய்ச்சத் தனித்தனித் 'துப்பாக்கி', முக்கோணமாக. மூன்று படமும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். பின்னால் வந்த செட்டுகளில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துத் தொல்லையைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது தொல்லை உள்ளது. வேறு எது வரும்.

மார்ச் 20
திரையில் வெள்ளைக் கட்டம் காட்டும் பெட்டியை இணைத்தார். ஓரத்தில் கோடுகள் நிறம் நிறமாகப் பிரிந்து நின்றன. அவர் செட்டுக்குப் பின்னால்; அவருக்குத் திரை தெரிய முன்னால் நிலைக்கண்ணாடி.

"சிவப்பு மேலே நிக்குது. இறக்குங்க" என்றேன்.

பச்சைப் பொட்டு வைத்த திருகைத் திருகினார்.

"அது பச்சைங்க. சிவப்புப் பொட்டு."

கை இரண்டு திருகுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

அடுக்களையிலிருந்து இரண்டு தக்காளி கொண்டுவந்தேன். "இதுல பழம் எது?" இரண்டையும் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்ததைக் காட்டினார்.

"அமுக்காம சொல்லுங்க."

இரண்டையும் என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"கடையில நிறம் பார்க்கிறது பார்ட்னர். நான் கரண்ட் மட்டும். அவன் செத்தப்புறம், ஒரு செட்டாவது தனியா சரி பண்ணிடணும்னு பார்த்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பொண்ணு பார்க்க வந்தப்போ உங்கப்பா கேட்கலையே."

மார்ச் 21
தக்காளிக்காக எத்தனை வருஷம் திட்டு வாங்கியிருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை— கடவுளே, இந்த மனுஷனை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?

மார்ச் 24
முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திருகுகளில் நூல் கட்டிவிட்டேன்: சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு.

"இன்னும் கொஞ்சம் கீழே. ஐயோ, அவ்வளவு இல்ல."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"உப்பு போடுற மாதிரி."

"நான் எப்போடி உப்பு போட்டேன்?"

சண்டையோடுதான் கோடு சேர்ந்தது. பிறகு டின்ட் என் கையில். பாடுகிற பெண்ணுக்கு முகம் வந்தது. இவர் எழுந்து வந்து பார்த்தார். அவருக்கு முன்பு போலத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் வெகுநேரம் நின்றார்.

மார்ச் 30
வண்டி வந்தது. "அந்தம்மா தேறிட்டாங்க போல" என்றார் ஓட்டுநர். மூன்று செட்டு ஏறின. பெரியதில் கை வைத்தபோது நான் குறுக்கே போய் நின்றேன். "இடம் மாத்தினா நிறம் கெடும். வேணுங்கிறப்போ வாடகைக்கு எடுங்க. நாங்க ரெண்டு பேரும் கூட வந்து சரி பண்ணித் தர்றோம்." அரங்கக்காரர் முனகிக்கொண்டே சம்மதித்தார். இவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுக்கமாம்.

மகளுக்குச் செய்தி அனுப்பினேன்: அறை காலி, ஒன்று தவிர. அப்பாவின் பெரிய டிவி ஜன்னலோரம் இருக்கும். தொட்டிலைக் கதவுப் பக்கம் போட்டால் போதுமா? சீக்கிரம் பதில் சொல்.