அட்டைக்குள் இருந்தது என் நோட்ஸ்

12.1.2009, திங்கள்

நோட்ஸ் முடிந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் வைத்த புள்ளியியல் பாடங்களை நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ப வெட்டி, தமிழ் விளக்கம் சேர்த்திருக்கிறேன். முத்தியால்பேட்டை ஜெராக்ஸ் கடையில் நாற்பது ரூபாய். துறைத்தலைவர் புருஷோத்தமன் எழுதிய புத்தகம் முந்நூற்று எண்பது. அதை வாங்கி, முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து பெற்றால்தான் அகமதிப்பெண். எந்த விதியில் இருக்கிறது இது? கேட்க நான் யார், வருடா வருடம் அவர் சிபாரிசில் தொங்கும் கெஸ்ட் லெக்சரர்.

20.1.2009

வராண்டாவில் புருஷோத்தமன் சார், "சமூக சேவையா மேடம்?" என்றார். சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

5.2.2009, வியாழன்

தலையில் இடி. சார் புத்தகத்தின் அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, என் நோட்ஸ் மேல் ஒட்டி, அவரிடமே கையெழுத்துக்கு நீட்டியிருக்கிறார்கள்! பன்னிரண்டு மாணவிகள். பதினொன்றில் போட்டுவிட்டார். கடைசி, பிள்ளைச்சாவடி சகாயசெல்வியுடையது. பசை காயாமல் அட்டை அவர் கையோடு வந்துவிட்டது.

"எதுக்குடி இப்படிப் பண்ணீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று சகாயசெல்வியிடம் கேட்டேன்.

"பயந்துட்டோம் மேடம். போட் ரிப்பேரு, அப்பா ஒரு மாசமா கடலுக்குப் போகல. புத்தகம் வேணும்னு எப்படிக் கேக்கறது?"

யார் மேல் கோபப்படுவது? சுத்தமாக இருந்ததை மோசடி ஆக்கிவிட்டார்களே. பன்னிரண்டு பேருக்கும் அகமதிப்பெண் பூஜ்யம் என்கிறார் சார்.

6.2.2009

கல்லூரியிலிருந்து மெமோ. திருட்டு நகல் தயாரித்து மாணவிகளைத் தூண்டினேனாம். எனக்குத் தெரியாமல் செய்தார்கள் என்று எழுதிக் கொடுத்தால் என்னை விட்டுவிடுவார்களாம். உண்மைதானே? உண்மைதான். எழுதினால் பிள்ளைகள் காலி.

8.2.2009

எழுதவில்லை.

9.2.2009, திங்கள்

கல்லூரி முதல்வர் செல்வாம்பாள் அறை. சாரும் இருந்தார். இணையத்தில் இருந்த அனுமதிப் பக்கத்தை அச்செடுத்துப் போயிருந்தேன்.

"அட்டை தப்புதான் மேடம். நோட்ஸ் தப்பில்ல." பிள்ளைகளிடம் வாங்கி வந்திருந்த பதினோரு நோட்ஸையும் மேசையில் வைத்தேன். "முதல் பக்கத்தப் பாருங்க. என் பேரு கொட்டை எழுத்துல இருக்கு. அதுக்குக் கீழதான் சார் கையெழுத்து."

முதல்வர் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"சார், பாத்துட்டுப் போட்டீங்களா, பாக்காம போட்டீங்களா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிள்ளைகள் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். அகமதிப்பெண் இனி தேர்வை வைத்து மட்டும். பூஜ்யம் ரத்து. வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

15.6.2009, திங்கள்

இந்த வருட கெஸ்ட் லெக்சரர் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் இரண்டு தடவை படித்தேன்.

சாயங்காலம் சகாயசெல்வி போன் செய்தாள். "மேடம், ரெண்டாம் வருசத்துக்கு நாங்களே நோட்ஸ் எழுதுறோம். ஆளுக்கு ஒரு பாடம். என்னோடதுல ஒரு புரூஃப் இடிக்குது. எப்ப வரலாம்?"

"நான் இப்ப காலேஜ்ல இல்லடி."

"தெரியும் மேடம். வீட்டு அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னேன்.