பாயில் கிடந்த செருப்பு

இன்று ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் மகளோடு ஒரு ஜப்பானியக் கடைக்குப் போனேன். தரையில் விரித்திருந்த கோரைப்பாயின் மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. அந்த மணத்தை நான் நெற்றி நிலத்தில் பட முகர்ந்தவள். நீங்கள் செத்து ஒரு வருடமாகியும் கோபம் ஆறவில்லை.

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள்தான் எங்களை ஜப்பானுக்கு, அந்தப் பழைய விடுதியில் இரண்டு நாள் தங்க அனுப்பினாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் பெருமையாகச் சிரித்தீர்கள். "இதை எங்களுக்குச் சொல்லித் தரவேணுமே? நாங்கள் வெறுங்காலோட வீட்டுக்குள்ள போற சனம்" என்றீர்கள். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, அது அந்தக் கதவைத் தாண்டக்கூடாது என்று விடுதி அம்மா சைகையில் காட்டியதை நீங்கள் கவனிக்கவில்லை. ரொறன்ரோக் குளிருக்குப் பாத்ரூமிலிருந்து குசினிவரை ஒரே செருப்போடு திரிந்த கால்கள், அதே பழக்கத்தில் கழிப்பறைச் செருப்போடேயே பாய்க்கு வந்துவிட்டன. சாப்பாட்டு மேசையடியில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மாணம் கொட்டி இருந்தீர்கள்.

சாப்பாடு கொண்டுவந்த அந்த அம்மா செருப்பைக் கண்டு விறைத்துப்போனார். நீங்கள் என்னைக் காட்டி, மனைவிக்கு இதெல்லாம் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். நான் முழங்காலில் அமர்ந்து, நெற்றி பாயில் முட்டக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பாயைத் துடைத்தார். நீங்கள் சூப் குடித்தீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "உமக்கு என்ன குறைஞ்சு போச்சு? அவ எங்களைத் திரும்பக் காணப்போறாவே?" என்றீர்கள். ஊர் திரும்பியும் விடவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், செருப்பு என் காலில் இருந்ததாக அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தீர்கள். மகளும் சேர்ந்து சிரித்தாள்.

எனக்கு வேண்டியிருந்தது, 'நான்தான்' என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல். உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்தபோதும் அதற்குத்தான் காத்திருந்தேன். தலையணையை ஒழுங்காக வைக்கவில்லை என்று ஏசிவிட்டுப் போய்விட்டீர்கள். திவசத்துக்கு வந்த உங்கள் நண்பர், பிழையை முதல் ஆளாக ஒப்புக்கொள்ளும் மனிதர் என்று உங்களைப் புகழ்ந்தார். நான் அவருக்கு இன்னொரு வடை வைத்தேன்.

இன்று கடையில் மகளின் ஈரச் சப்பாத்து அந்தப் பாயில் பட்டுவிட்டது. விற்கிற பெண் கிட்ட வருமுன்னே நான் சொறி, சொறி என்று மன்னிப்புக் கேட்டுக் குனிந்துவிட்டேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது இந்தக் குனிந்த முதுகுதான். மகள் என் கையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அம்மா, மிதிச்சது நான். நீங்கள் ஏன் சொறி சொல்றீங்கள்?"

அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னாள். அதற்கு அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

காரில் வரும்போது அவளிடம் சொன்னேன், அந்தச் செருப்பு அப்பாவின் காலில் வந்தது என்று. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.