சர்டிபிகேட் பெட்டிச் சாவி

மணிமொழி,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். அம்மா களையெடுக்கப் போயிருக்கிறாள், அவளுக்காகக் காத்திருக்காமல் சாப்பிடு.

பெட்டிச் சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் காலேஜில் பீஸ் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறார்களாம். ஆனால் இன்று சாயங்காலத்துக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு கோயம்புத்தூர் விவசாயக் காலேஜில் இடம் கிடைத்ததாகத் தபால் வந்தால் திரும்ப வாங்க முடியாது. கொடுக்காமல் இருந்து அதுவும் வராமல் போனால்? யோசித்து யோசித்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்கல்லாம் ரோட்ட மறிச்சிக்கினு இருந்தா தபால் எப்பிடிப்பா வரும்?" என்று நேற்று கேட்டாய். நீ கேட்டது சரியாக இருந்ததால்தான் அப்படிக் கத்தினேன். உனக்கு இடஒதுக்கீடு கிடைக்கட்டும் என்றுதான் நானும் மறியலுக்குப் போகிறேன்.

நீயே முடிவு செய்.

அப்பா

பஸ் ஓடாது. போவதானால் சைக்கிளை எடுத்துக்கொள், காற்று அடித்திருக்கிறேன்.

தியாகதுருகம் தாண்டியதும் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறோம். ஆட்கள் மறித்தால் கண்ணாயிரம் மகள் என்று சொல். மறிப்பது நானாக இருந்தால் என் முகத்தைப் பார்க்காதே. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டிப் போய்விடு.