எண்ணாமல் பறித்த அத்திப்பழம்

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தையல் மெஷினுக்குத்தான் கொஞ்சம் இருமல். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. நான்காவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசினால் நான் எதையாவது கிண்டலடித்து உன்னைச் சிரிக்க வைத்துவிடுகிறேன், நீயும் அம்மா ஜோராக இருக்கிறாள் என்று போனை வைத்துவிடுகிறாய். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே என்று ஞாபகம் வருகிறது. பேப்பர் சிரிக்காது பார், அதனால் இதில் சொல்லிவிடலாம்.

நம் பின்பக்கத்து அத்தி இந்த வருடம் வெறி பிடித்த மாதிரி காய்த்திருக்கிறது. குளிர் முடிகிற சமயத்தில் நான் கிளைகளையெல்லாம் முழங்கை நீளத்துக்கு வெட்டிவிட்டபோது, மரத்தை மொட்டையடித்துவிட்டாயே என்று போனில் சத்தம் போட்டாய் அல்லவா, அந்த மொட்டைத் தலையில்தான் இப்போது இலைக்கு ஒரு காய். சுவர் ஓரக் கிளை வழக்கம்போல ஸ்டோர் அக்கா வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. உனக்குத்தான் அவளைத் தெரியுமே, ஆஸ்பத்திரி கேன்டீனில் சாமான் அறைக்குப் பொறுப்பு, உன் தலையைப் பின்னிவிடும்போதெல்லாம் நறுக்கென்று குட்டுவாளே, அவள்தான். அப்பா போன பிறகு, நீயும் போன பிறகு, காலையில் ஆறு மணிக்கு நான் டீ டம்ளரோடு சுவரின் இந்தப் பக்கமும் அவள் டம்ளரோடு அந்தப் பக்கமும் நின்று ஒரு அரை மணி நேரம் ஊரை அலசிக் காயப்போடாவிட்டால் இரண்டு பேருக்கும் பொழுது விடியாது. "ஏண்டி தையக்காரி, இன்னுமா தூங்குற" என்று அவள் கேட்பதுதான் எனக்கு அலாரம். கிளை அவள் பக்கம் நீட்டிய பழங்களை அவள் பறித்துத் தின்பாள், நான் திருடி திருடி என்று கத்துவேன், அவள் கொட்டையை என் பக்கம் துப்ப முடியவில்லையே, அத்திக்குக் கொட்டை இல்லையே என்று வருத்தப்படுவாள். பதினோரு வருடமாக இதேதான்.

இந்த வருடம் பறவைத் தொல்லை தாங்கவில்லை. பழம் கனிந்து கழுத்து வளைகிற அன்று காலையில் எனக்கு முன்னால் அவை வந்துவிடுகின்றன. அதனால் பழைய கொசுவலையைக் கத்தரித்து, சுருக்குக் கயிறு வைத்து, குட்டிக் குட்டிப் பைகளாகத் தைத்து ஒவ்வொரு காய்க்கும் மாட்டிவிட்டேன். மரத்தைப் பார்த்தால் முழுப் பள்ளிக்கூடமும் மதிய உணவுப் பையோடு கிளம்பிய மாதிரி இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அத்தி, பறித்து வைத்தால் பழுக்கிற சாதி இல்லை, ஒரு நாள் முந்தினால் பால் வடிந்து கையெல்லாம் அரிக்கும், ஒரு நாள் பிந்தினால் புளித்துவிடும். எதை எப்போது பறிப்பது என்று எனக்குக் குழப்பமாக இருந்ததால், பையிலெல்லாம் துணியில் எழுதுகிற பேனாவால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டேன். நம்பர் என்றால் உன் அம்மா புலி, அது உனக்கே தெரியும். நாற்பத்தொன்று வரைக்கும் போனது.

அன்றைக்கு வேலை முடிந்து சாயங்காலம் ஸ்டோர் அக்கா சுவரோரம் வந்தாள். வழக்கமாகக் காலையில்தான் வருவாள், அன்று ஏனோ உடுப்புகூட மாற்றாமல் வந்து நின்றாள். பேசாமல் பதினான்காம் நம்பர் பைக்குக் கையை நீட்டினாள். நான் இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், என் வாய் சும்மா இருக்குமா, "எல்லாம் நம்பர் போட்டு எண்ணி வெச்சிருக்கேன் அக்கா, ஒண்ணு குறைஞ்சாலும் உன் பையைத்தான் தொறந்து பார்ப்பேன்" என்றேன். அவள் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "எண்ணிக்கோம்மா, நல்லா எண்ணிக்கோ" என்றாள். உள்ளே போய்விட்டாள். அவள் என்னை 'டி' போடாமல் 'அம்மா' போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்குத்தான் தோல் தடிப்பாயிற்றே.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நானும் சும்மா இருக்காமல், கோபமாக்கும் என்று நினைத்துப் பதினான்காம் பையில் 'இது ஸ்டோர் மகாராணிக்கு' என்று எழுதித் தொங்கவிட்டேன். அது அப்படியே தொங்கிப் புளித்துப் போனது. அப்புறம் நன்றாகக் கனிந்த ஒன்றைச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டேன், அது போய் அவள் காயப்போட்டிருந்த வெள்ளைப் போர்வையில் பொத்தென்று விழுந்து அப்பிக்கொண்டது. அவள் வந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஜென்மம் சாபல்யம் என்றிருப்பேன். போர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்து நாளைக்குப் பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி உடுப்பைக் குட்டையாக்க வந்தாள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு நான் குனிந்திருக்கும்போது அவள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள். கேன்டீன் சாமான் அறையில் சர்க்கரை மூட்டை குறைகிறதாம், யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லையாம், அதனால் ஸ்டோர் அக்காவை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கைப்பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்களாம். சீப்பு, மாத்திரை, ஒரு பழைய போட்டோ எல்லாம் மேஜையில் விழுந்ததாம். இப்போது தினமும் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டுமாம். எந்த நாள் என்று கேட்டேன். அதே நாள். அவள் அங்கே பையைக் கொட்டிவிட்டு, வீட்டுக்குள் போக மனசில்லாமல், நேராக என்னிடம் சொல்லத்தான் அந்த வேளையில் சுவரோரம் வந்திருக்கிறாள். நான் அவள் பையைத் திறந்து பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். ஊசி உதட்டில் குத்தியதுகூடத் தெரியவில்லை, நர்ஸ்தான் ரத்தம் என்றாள்.

அன்றைக்கே எல்லாப் பையையும் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டேன். பறவைகளுக்குக் கல்யாண வீடு. அவை தின்றது போகத் தினம் கூடை நிறைகிறது. ஒருத்தி எத்தனை தின்ன முடியும் சொல். பால்காரருக்குக் கொடுத்தேன், தபால்காரருக்குக் கொடுத்தேன், அவரே இப்போது நம் வாசல் வந்தால் மணி அடிக்காமல் கடிதத்தைச் செருகிவிட்டு ஓடுகிறார். தட்டில் பரப்பி மாடியில் காயவைத்தேன், எறும்பு இழுத்துக்கொண்டு போனது. காலையில் ஆறு மணிக்கு டம்ளரோடு போய் நிற்கத்தான் செய்கிறேன், கால் தானாகப் போகிறது. அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும், செருப்புச் சத்தம் கேட்கும், அப்புறம் கதவு சாத்துகிற சத்தம். டீ ஆறிப் போகிறது. மெஷினோடு பேச ஆரம்பித்துவிட்டேன், அதுவாவது பதிலுக்குக் கடகடக்கிறது. உன்னிடம் சொன்னால் நீ லீவு போட்டுவிட்டு ஓடி வருவாய் என்றுதான் சொல்லவில்லை. வராதே. நீ வந்தால் சிரித்துப் பேசி நான்கு நாள் ஓடிவிடும், நீ போன பிறகு வீடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

போன வியாழக்கிழமை மத்தியானம் மனதைத் தைரியப்படுத்திக்கொண்டு, கைக்கு வந்த பழங்களைப் பறித்து, நம் நீலப் பூப்போட்ட தட்டில் வைத்துக்கொண்டு தெரு வழியாக அவள் வீட்டுக்குப் போனேன். சுவர் வழியாக என்றால் எட்டினால் வீடு, தெரு வழியாக என்றால் முனை சுற்றிப் போக வேண்டும். பதினோரு வருடத்தில் அவள் வாசல் கதவை நான் தட்டியது இரண்டே தடவை. திறந்தாள். கண்ணைச் சுற்றி இளைத்திருந்தாள். வழியெல்லாம் என்ன கிண்டல் செய்து ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனவள், தட்டை நீட்டினேன். "தெரியாம சொல்லிட்டேன் அக்கா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தாள். "எத்தனை இருக்கு" என்று கேட்டாள். "எண்ணல அக்கா" என்றேன். சத்தியமாக எண்ணவில்லை. தட்டை வாங்கிக்கொண்டாள், கதவைச் சாத்தினாள். படாரென்று சாத்தவில்லை, மெதுவாகத்தான். அந்த மெதுவை வைத்துக்கொண்டு இந்த நான்கு நாளை ஓட்டியிருக்கிறேன்.

இன்னும் தட்டு வரவில்லை. நான் போய்க் கேட்கப் போவதில்லை. அது அங்கேயே இருக்கட்டும், இருக்கிற வரைக்கும் அவளுக்கு இங்கே வர ஒரு வேலை இருக்கிறது. நீயும் போனில் அவளைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசப் போகாதே, நான் உடைத்ததை நானே ஒட்டிக்கொள்கிறேன். உனக்கும் என் வாய்தான் வாய்த்திருக்கிறது. உன் ஆபீஸில் யாராவது வழக்கத்துக்கு மாறான நேரத்தில் பக்கத்தில் வந்து பேசாமல் நின்றால், முதலில் முகத்தைப் பார், அப்புறம் வாயைத் திற. இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

நோய் நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில், நிறைந்த மனதோடு நூறு வயது இரு தங்கம். ராத்திரியில் தலைமுடியை ஈரத்தோடு கட்டாதே. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு, காத்திருப்பேன். ஆனால் ஒன்று, நாம் பேசிக்கொண்டிருக்கும்போது வாசல் கதவை யாராவது தட்டினால் நான் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனை அப்படியே வைத்துவிட்டு ஓடிவிடுவேன். அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
வாயாடி அம்மா