நடுக்களத்தில் நிற்பவன்

டேட்டன், ஒஹாயோ
6 நவம்பர் 1978

அன்புள்ள லானி,

நலம்தானே? இங்கே முதல் பனி விழுந்து, சேறாகி, மறுபடியும் உறைந்துவிட்டது. நம் பேஸ்பால் மைதானத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. நீ மட்டும் போர்ட்டோ ரிக்கோ வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து குளிர்கால ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பாய். நம் அணிக்கு ஆள் தேடுகிறாய் என்று அதற்குச் சம்பளம் வேறு. "லானி மாதிரி நீங்களும் ஆள் தேடுற வேலைக்கே போயிருக்கலாம், வீட்டுலயாவது நிம்மதியா இருந்திருக்கும்" என்கிறாள் மார்ஜ்.

கடைசி இடத்தில் முடித்த அணியின் மேலாளருக்கு நவம்பரில் ஒரே கவலைதான், யாரை வாங்குவது என்று. தூரப் பந்துகளைப் பிடிக்கிற வெளிக்களத்துக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் பணம் தருவேன் என்கிறார் முதலாளி ஹார்ட்செல். மூன்று பெயர்கள் என் முன்னால் இருக்கின்றன. இடக்களத்துக்கு டேல் ஸ்ட்ராம், வலக்களத்துக்கு ரஃபஸ் டில்லி, நடுக்களத்துக்கு நீ இருக்கும் ஊரிலேயே ஆடுகிற அந்த இஸ்மாயேல் கோர்டேரோ. முதலாளிக்குச் சுவரைத் தாண்டி அடிக்கிற ஹோம் ரன் என்றால் பைத்தியம். நான் உன் கண்ணைத்தான் நம்புகிறேன். யாரைத் துரத்துவது? உள்ளதை உள்ளபடி எழுது.

உன் சங்கடம் எனக்குத் தெரியாமல் இல்லை. இப்போது நம் நடுக்களத்தில் நிற்பவன் உன் மகன். சொந்தப் பிள்ளையைப் பற்றி எழுதக் கூடாது என்பது உங்கள் தொழிலின் எழுதாத சட்டம். அதனால் வெய்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்தியவன் நான், அவன் எனக்கும் பிள்ளைதான்.

என்றும் உன்,
எர்ல்


போன்சே, போர்ட்டோ ரிக்கோ
20 நவம்பர் 1978

அன்புள்ள எர்ல்,

வெயிலில் காலை நீட்டுகிறேனாம்! என் அறையில் மின்விசிறி ஓடுவதில்லை. தினமும் அரிசியும் அவரையும்தான் சாப்பாடு, அது மட்டும் நன்றாக இருக்கிறது. மார்ஜிடம் சொல், வேலையை மாற்றிக்கொள்ள நான் தயார்.

ஸ்ட்ராமை வாங்காதே. நன்றாக அடிப்பான், மறுக்கவில்லை. ஆனால் நம் மைதானத்தின் இடப்பக்கச் சுவர் அவ்வளவு தூரம், பக்கத்து ஊரில் இருக்கிற மாதிரி. வெளியூர்களில் அவன் அடித்த ஹோம் ரன்களில் பாதி நம்மிடத்தில் யார் கையிலாவது பிடிபட்டுப் போகும். இனி அவனால் குனியவும் முடியாது. டில்லிக்குத் தோள் போய்விட்டது. யாரும் கவனிக்காத நேரத்தில் பந்தைக் கீழ்க்கையாகவே போடுகிறான். கேட்டால், "சும்மா ஒரு ஸ்டைலுக்குத்தான் சார்" என்று இளிக்கிறான்.

கோர்டேரோவைத் துரத்து. ஐந்து ஆட்டம் பந்தைப் பார்க்காமல் அவன் காலை மட்டும் பார்த்தேன். மட்டை சுழலும்போதே அவன் கிளம்பிவிட்டிருக்கிறான். நம்முடையது போன்ற பெரிய மைதானத்துக்கு நடுவில் அப்படி ஒருவன் நின்றால் பந்து வீசுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ உள்ளதை உள்ளபடி கேட்டாய். வெய்ன் இப்போது மட்டையைப் பார்த்துக் கிளம்புவதில்லை, மட்டையில் பந்து படுகிற சத்தம் கேட்டுக் கிளம்புகிறான். ஜூனிலேயே கண்டுகொண்டேன். அவனுக்கும் தெரியும், அதனால்தான் பின்னால் தள்ளி நிற்கிறான். அப்படி நிற்பதால் முன்னால் விழுகிற பந்தையெல்லாம் விடுகிறான். எல்லோரும் முழங்கால் என்கிறார்கள். முழங்கால் அல்ல எர்ல், கண். முப்பத்திரண்டு வயதில் கண் திரும்பி வராது. பெற்றவன் கையால் இதை எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை அவனிடம் நான் என் வாயால் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அதுவரை இந்தத் தாள் உன் மேசையை விட்டு நகரக் கூடாது.

உன்,
லானி


டேட்டன்
9 டிசம்பர் 1978

அன்புள்ள லானி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வெய்ன் ஒப்பந்தம் பேச வந்தான். போன வருடம் வாங்கியதையே கேட்டான், அதற்கு மேல் இல்லை. பக்கத்தில் முதலாளியின் வக்கீல் உட்கார்ந்திருந்தான். குறைத்துத்தான் தர வேண்டும் என்று உத்தரவு. "எதுக்குக் குறைக்கிறீங்கன்னு ஒரு காரணம் சொல்லுங்க எர்ல் மாமா, நான் முழங்கால் டாக்டர் கடிதம்கூடக் கொண்டுவந்திருக்கேன்" என்றான் உன் பையன். வக்கீல் என்னைப் பார்த்தான். இழுப்பறையைத் திறந்து உன் கடிதத்திலிருந்து இரண்டு வரி வாசித்தேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை, லானி, சத்தியமாகச் சொல்லவில்லை.

சொல்லத் தேவையே இருக்கவில்லை. "சத்தம் கேட்டுக் கிளம்புறான்... அது எங்க அப்பா பேச்சு. ஒன்பது வயசுல கொல்லையில நிக்க வெச்சு இதைச் சொல்லித்தான் திட்டுவாரு" என்றான். கோபப்படவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒப்பந்தத் தாள் கையெழுத்தில்லாமல் இங்கேயே கிடக்கிறது.

நான் செய்தது தப்பு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், திட்டியாவது எழுது.

எர்ல்


லைமா, ஒஹாயோ
27 டிசம்பர் 1978

எர்ல்,

கிறிஸ்துமஸ் விருந்துக்கு வெய்ன் வரவில்லை. மருமகளும் குழந்தைகளும் வந்து, பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் போனார்கள். அவன் அம்மா லொரெய்ன் வாட்டிய வான்கோழி அப்படியே இருக்கிறது. அவளும் என்னோடு பேசுவதில்லை.

நேற்று நானே அவன் வீட்டுக்குப் போனேன். கார் கொட்டகையில் ஏதோ குடைந்துகொண்டிருந்தான்.

"நான் எழுதுனது பொய்யில்லடா" என்றேன். எனக்கு வேறு என்ன பேசத் தெரியும்?

"பொய்யின்னு யாருப்பா சொன்னா? உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஏப்ரல்லயே தெரியும். பந்து கிளம்புறது மங்கலாத்தான் தெரியுது. தினமும் ராத்திரி படுக்கும்போது, நாளைக்கு அப்பா கண்டுபிடிச்சுடுவாரோ, என்னைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லுவாரோன்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஜூன்லயே தெரியும்னா, ஜூன்ல இருந்து என்கூட உட்கார்ந்து சாப்பிட்டீங்களே? அப்பல்லாம் வாய் எங்க போச்சு? எர்ல் மாமாவுக்குத் தாள் தாளா எழுத வருது, எனக்குச் சொல்ல மட்டும் கிறிஸ்துமஸ் வரணுமா?"

என் கடிதத்தை நீ அவனுக்கு வாசித்துக் காட்டியது உன் தப்பு. ஜூனிலிருந்து அவனிடம் வாய் திறக்காதது என் தப்பு. இரண்டையும் நான் கலக்கவில்லை, ஆனால் உன்னை மன்னிக்கவும் முடியவில்லை.

கோர்டேரோவை வாங்கிவிட்டாயா? அதையாவது சொல். அவன் வந்து நின்றால், இவ்வளவுக்கும் ஒரு அர்த்தம் இருந்ததென்று என்னை நானே ஏமாற்றிக்கொள்வேன்.

லானி


டேட்டன்
22 ஜனவரி 1979

அன்புள்ள லானி,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். முதலாளி ஸ்ட்ராமை வாங்கிவிட்டார். அந்த மூவரைப் பற்றி நீ எழுதியதை மட்டும் தட்டெழுதி அவர் மேசையில் வைத்தேன், புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சுவர் தூரமா இருந்தா கிட்ட இழுத்துக் கட்டுவோம், ஜனங்க ஹோம் ரன் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குறாங்க" என்றார். கோர்டேரோவை வேறு அணி கொண்டுபோய்விட்டது.

அதனால் நடுக்களத்துக்கு இன்றும் வெய்னைத் தவிர ஆளில்லை. வக்கீலோடு சண்டை போட்டுப் பழைய சம்பளத்துக்கே ஒத்துக்கொள்ள வைத்தேன். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நான் கூப்பிட்டால் அவன் போனை எடுப்பதில்லை. நீ சொல். அவனுடைய இடம் அவனுக்கே இருக்கிறது என்று சொல்.

உன்,
எர்ல்


லைமா
1 மார்ச் 1979

எர்ல்,

சொன்னேன். வீட்டு வாசலில் நின்றபடி சொன்னேன். "அப்போ எனக்குப் பதிலா ஒருத்தனும் வரல, இல்ல?" என்று கேட்டுச் சிரித்தான். அழுதிருந்தால் தேவலை.

அவன் கையெழுத்துப் போடமாட்டான். மாமனாரின் டயர் கடையில் சேர்ந்துவிட்டான். "ஒவ்வொரு பந்து என் முன்னாடி விழும்போதும் நீங்க ரெண்டு பேரும் என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அங்க எப்படிப்பா நிக்கிறது?" என்றான்.

என் ராஜினாமாவை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி எனக்கு எழுதாதே. பேருந்தில் நாம் ஒரே இருக்கையில் தூங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன நாட்களை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு வலிக்காது.

லானி ப்ரூயிட்


டேட்டன்
8 அக்டோபர் 1979

அன்புள்ள லானி,

எழுதாதே என்றாய். ஏழு மாதம் எழுதவில்லை. இதற்கும் நீ பதில் போடமாட்டாய், தெரியும்.

மறுபடியும் கடைசி இடம். சுவரை இழுத்துக் கட்டினோம், எதிரணிக்காரர்கள்தான் அதைத் தாண்டி அடித்தார்கள். ஸ்ட்ராம் பாதி வருடம் முதுகு பிடித்துப் படுத்திருந்தான்.

கடைசி ஆட்டத்தன்று உன்னைப் பார்த்தேன். நடுக்களத்துக்குப் பின்னால், கூரையில்லாத பலகை வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாய். மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து இடத்தில் உன் தொப்பியை வைத்திருந்தாய், யாருக்கோ பிடித்து வைத்த மாதிரி. ஆட்டம் முக்கால்வாசி முடிந்த பிறகு வெய்ன் படியேறி வந்தான், டயர் கடைச் சட்டையோடு. தொப்பியை எடுத்து உன் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தொலைநோக்கியை உங்கள் பக்கமே வைத்திருந்தேன்.

நடுக்களத்தில் நாங்கள் போட்டிருந்த புதுப் பையனுக்கு முன்னால் ஒரு பந்து விழுந்தது. வெய்ன் உன் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னான். நீ தலையாட்டினாய்.

ஆட்டம் முடிந்ததும் அவசர அவசரமாக உங்கள் பக்கம் வந்தேன். என்னைத் தூரத்தில் கண்டதும் நீ எழுந்தாய். வெய்னும் எழுந்தான். இருவரும் அந்தப் பக்கப் படியில் இறங்கிப் போய்விட்டீர்கள்.

மேசையில் மறுபடியும் மூன்று பெயர்கள் இருக்கின்றன. உன்னிடம் கேட்கமாட்டேன்.

எர்ல்